முன்னாள் எம்.எல்.ஏ. பெயரில் அரசுக் கட்டடம்: பெங்களூரில் பெயர் எப்படி ஏறுகிறது, எது நிலைக்கிறது

சிவமொக்காவில் கட்டப்பட்டுவந்த விமான நிலையத்துக்கு முன்னாள் முதல்வர் எடியூரப்பாவின் பெயர் வைக்கப்படும் என்று 2022 ஏப்ரலில் அன்றைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மை அறிவித்தார். சிவமொக்கா எடியூரப்பாவின் மாவட்டம். அந்த விமான நிலையத்துக்காக மெனக்கெட்டவரும் அவர்தான். ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சி. பெயர் வைப்பதைத் தடுக்கும் சட்டமும் எதுவும் கிடையாது. ஆனால் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அவர் முதல்வருக்குக் கடிதம் எழுதி, நாட்டுக்கு உழைத்த பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது என் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு கவிஞர் குவெம்புவின் பெயரை அவரே முன்மொழிந்தார். 2023 பிப்ரவரி 27 அன்று, எடியூரப்பாவின் 80ஆவது பிறந்தநாளில், பிரதமர் அந்த விமான நிலையத்தைத் திறந்து வைத்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் சட்டமன்றத்தில் விடைபெறும் உரையாற்றியிருந்தார்.

அவருடைய அரசியலை ஏற்பவர்கள் ஏற்கலாம், மறுப்பவர்கள் மறுக்கலாம். பதவியை விட்டு விலகிய ஒருவர், கையில் வந்த பெயர்ப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார் என்பது நம் அரசியலில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

விமான நிலையம் என்றால் பத்திரிகைகளில் வரும், நாலு பேர் பேசுவார்கள். அல்சூர், சிவாஜிநகர், பாரதிநகர், லிங்கராஜபுரம், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் போன்ற பகுதிகளில் வாழும் பெங்களூர்த் தமிழர்களான நமக்கு இந்தக் கேள்வி வேறு அளவில் வருகிறது. ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குப் புதுப் பகுதி கட்டுகிறார்கள், அல்லது ஒரு சமுதாயக் கூடம், ஒரு வார்டு அலுவலகம், ஒரு வாசகசாலை. திறப்பு விழா நெருங்கும்போது யாராவது ஒருவர் சொல்வார்: "அந்த எம்.எல்.ஏ. இல்லன்னா இந்த ஆஸ்பத்திரியே வந்திருக்காது, அவர் பேரையே வச்சிடலாமே." பெரும்பாலும் உண்மையான நன்றியில் வரும் பேச்சு அது. அந்த நன்றியை நான் குறைத்துப் பேச வரவில்லை. அந்தப் பேச்சு எப்படிப் பலகையாக மாறுகிறது, மாறிய பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யார் முடிவு செய்கிறார்கள்?

கட்டடம் பெரிதாக இருந்தால் வழி நீளம். விமான நிலையம் என்றால் மாநில அமைச்சரவை முடிவெடுத்து, சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு மத்திய அமைச்சரவையின் ஒப்புதலும் வேண்டும். ரயில் நிலையத்துக்கு மாநில அரசு பரிந்துரை செய்தால் மத்திய உள்துறை அமைச்சகம் ஆட்சேபணை இல்லை என்று சொல்லியாக வேண்டும். பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் சங்கொள்ளி ராயண்ணா நிலையம் ஆனது இந்த வழியில்தான். சாலை, பூங்கா போன்றவை மாநகராட்சியின் கையில் இருக்கின்றன. தீர்மானம் போட்டு, பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணை தெரிவிக்க 30 நாள் அவகாசம் விடுவது வழக்கம்.

ஓர் அரசு மருத்துவமனையின் புதுப் பகுதிக்கோ அரசு அலுவலகத்துக்கோ இத்தனை படிகள் கிடையாது. துறையிலிருந்து கோப்பு போகும், அமைச்சர் ஒப்புவார், ஓர் அரசாணை வரும், அவ்வளவுதான். மக்களிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் பல நேரங்களில் அங்கே இல்லை. கட்டடம் சிறிதாகச் சிறிதாக அதன் பெயரைப் பார்க்கிற கண்களும் குறைகின்றன. அந்தச் சிறிய கட்டடத்தில்தானே நாம் வரிசையில் நிற்கிறோம்! விமான நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர், வார்டு அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாதாமாதம் போகிறார்.

பெங்களூரில் இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த நகரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. நிர்வாக அதிகாரியும் ஆணையரும் எம்.எல்.ஏ.க்களும்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கவுன்சிலர் இருந்தால் குறைந்தபட்சம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, ஏன் இந்தப் பெயர் என்று கேட்டிருப்பார். அந்தக் குரல் இல்லாத இடத்தில், ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ. தனக்கு முன்பு அங்கே இருந்தவரின் பெயரைச் சொன்னால் அதை நிறுத்திப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

2024இன் கடைசியில் மைசூரில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கே.ஆர்.எஸ். சாலையின் ஒரு பகுதிக்கு முதல்வர் சித்தராமையாவின் பெயரை வைக்கலாம் என்று மாநகராட்சி ஆட்சேபணை கேட்டு அறிவிப்புக் கொடுத்தது. அங்கும் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. ஆனால் அறிவிப்பு என்று ஒன்று வந்ததால், அந்தச் சாலைக்கு பிரின்சஸ் ரோடு என்ற பழைய பெயர் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் எழுந்து பேச முடிந்தது. அது சாலையாக இல்லாமல் ஓர் அரசு அலுவலகமாக இருந்திருந்தால் அந்த 30 நாள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

உயிரோடு இருப்பவர் பெயர் புதிது இல்லை

உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் நேற்று தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். நாம் நடந்து திரியும் கண்டோன்மென்ட் பகுதி முழுவதும் அப்படி எழுந்ததுதான். 1910 வாக்கில் ஃப்ரேசர் டவுன் உருவானபோது, ஸ்டூவர்ட் ஃப்ரேசர் மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாகப் பதவியில் இருந்தார். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் 1927இல் கட்டப்பட்டது. ரஸ்ஸல் என்பவர் அப்போதைய நகராட்சி ஆணையர். கப்பன் பார்க் 1870இல் உருவானபோது அதன் பெயர் மீட்ஸ் பார்க். மீட் என்பவர் அன்றைக்கு மைசூரின் பொறுப்பில் இருந்த பிரிட்டிஷ் கமிஷனர். அதிகாரத்தில் இருப்பவரை மகிழ்விக்க, அவர் பார்க்கும்படி பெயர் வைப்பது காலனிக் காலத்துப் பழக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு ஆட்களை மாற்றினோம், பழக்கத்தை வைத்துக்கொண்டோம்.

அதற்கும் முந்தைய முறை ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. தோம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலில் ஹொய்சாளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. நிலமும் வருவாயும் கோயிலுக்கு விட்டவர்களின் பெயர் அதில் இருக்கிறது, கூடவே என்ன விட்டார்கள் என்பதும் இருக்கிறது. பெயரும் கொடையும் ஒரே கல்லில். பிற்காலத்திலும் அந்த முறை தொடர்ந்தது. ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய பள்ளி இன்று கல்வி நிறுவனங்களாக அவர் பெயரிலேயே நடக்கிறது. சிவாஜிநகரில் எல்லோரும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையின் முழுப்பெயரில் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் இருக்கிறார். இவர்கள் கொடுத்தது சொந்தப் பணம்.

எம்.எல்.ஏ. கட்டடத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. பணம் வாங்கித் தருகிறார். அதற்காக அலைகிறார், சண்டை போடுகிறார், கோப்பை நகர்த்துகிறார். அது பெரிய வேலைதான். பத்து ஆண்டு முயன்று ஒரு மருத்துவமனையைக் கொண்டு வந்தவரின் உழைப்பைச் சாதாரணமாக நினைக்க முடியாது. ஆனால் கட்டடத்தில் இருக்கும் பணம் நம்முடையது, அந்த உழைப்புக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் நாம் கொடுக்கிறோம். கொடையாளிக்கும் பிரதிநிதிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பெயர்ப் பலகை அழித்துவிடுகிறது. பத்து ஆண்டு கழித்து அந்த வழியாகப் போகிற பிள்ளை, இது அவர் கட்டிக் கொடுத்தது என்று படித்துக்கொள்ளும். எனக்கு இருக்கிற முதல் மனக்குறை இதுதான்.

பெயர் ஆளைக் காப்பாற்றுகிறதா?

கப்பன் பார்க் கதைக்கு வருவோம். மீட்ஸ் பார்க் என்ற பெயர் நிற்கவில்லை. 1927இல் அதிகாரபூர்வமாக ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா என்று மாற்றினார்கள். இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் கப்பன் பார்க் என்றுதான் சொல்கிறோம். கப்பன் 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்தவர். அவரைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரிந்தவர்கள் நூறு பேரில் எத்தனை பேர்? டவுன் ஹாலின் முழுப்பெயர் சர் கே.பி. புட்டண்ண செட்டி டவுன் ஹால். போராட்டம், ஆர்ப்பாட்டம் என்று ஆயிரம் முறை அங்கே போனவர்களும் அந்தப் பெயரை வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்த் தமிழர்களுக்கும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் தெரியாத இடம் இல்லை. 1973இல் தொடங்கியது. ரஃபி அஹமது கிட்வாய் உத்தரப் பிரதேசத்துக்காரர், நேருவின் அமைச்சரவையில் இருந்தவர், உணவு அமைச்சராக இருந்தபோதே 1954இல் இறந்தார். நம் வீடுகளில் அந்தப் பெயர் எப்படிப் புழங்குகிறது? "அவங்களைக் கிட்வாய்க்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம், நோய் என்ன என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். நேர்மையான ஒரு நாடாளுமன்றவாதியின் பெயர், அவருக்குத் தொடர்பே இல்லாத ஊரில், ஒரு நோயின் பெயராக மாறிவிட்டது. இதய மருத்துவமனையான ஜெயதேவா என்றால் நெஞ்சுவலி என்று ஆனது போல. அந்த மருத்துவமனைகள் செய்யும் சேவையை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் பெயருக்குரிய மனிதரைப் பெயர்ப் பலகை காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் ஒருநாள் அந்தக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து, கிட்வாய் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒரே மனிதரிடம் இருக்கிறது. கெங்கல் ஹனுமந்தையா 1952 முதல் 1956 வரை முதல்வர். சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவைக் கட்டியவர். அந்தக் கட்டடத்துக்கு அவர் தன் பெயரையும் வைக்கவில்லை, வேறு யார் பெயரையும் வைக்கவில்லை. அரசின் பணி ஆண்டவன் பணி என்ற வரிதான் முகப்பில் இருக்கிறது. அதைக் கட்டியது யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளை கூடக் கெங்கல் என்று சொல்லும். பிற்காலத்தில் அவர் பெயரை ஒரு சாலைக்கு வைத்தார்கள், கே.எச். ரோடு. அதை நாம் எல்லோரும் டபுள் ரோடு என்கிறோம். பெயர் இல்லாத கட்டடம் அவரை நினைவில் வைத்திருக்கிறது, பெயர் வைத்த சாலை மறந்துவிட்டது. பெயர் சூட்டுவதற்குக் கோப்பு தயாரிக்கிற எந்த அதிகாரியும் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தமிழ்நாடு பட்ட பாடு

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் காமராஜர் சிலையை 1961இல் நேரு திறந்து வைத்தபோது காமராஜர் உயிரோடு இருந்தார், முதல்வராகவும் இருந்தார். 1968இல் அதே சாலையில் அண்ணாவுக்கும் அவர் வாழும்போதே சிலை வந்தது. 1975இல் திராவிடர் கழகம் கருணாநிதிக்குச் சிலை வைத்தது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்த அன்று ஏற்பட்ட கலவரத்தில் அதை உடைத்தார்கள். தன் சிலை உடைவதைப் பார்க்க அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்பது எவ்வளவு கொடுமை! உயிரோடு இருப்பவர் பெயரைப் பொது இடத்தில் வைத்தால் ஊரின் கோபமும் அவர் கண்ணெதிரே அதன்மேல்தான் விழும்.

கட்டடங்களுக்கும் மாவட்டங்களுக்கும் நடந்தது வேறு விதம். ஆட்சிக்கு ஆட்சி மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயரைச் சூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு சமூகத்தின் தலைவருக்கு வைத்தால் இன்னொரு சமூகம் எங்களுக்கு எங்கே என்று கேட்டது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. தியாகம் செய்தவர்களின் பெயரும் சேர்ந்தே போனது. ஓர் ஒழுங்கு இல்லாமல் வைத்ததால், தகுதி உள்ள பெயரையும் காப்பாற்ற முடியாமல் போனது.

நீதிமன்றங்கள் இதற்கு ஒரே பதில் தரவில்லை. 2025 ஜூலை 31 அன்று, அரசுத் திட்டங்களுக்கு உயிரோடு இருப்பவர்களின் பெயரை வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, வழக்குத் தொடுத்தவர் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், வள்ளியூர் காய்கறிச் சந்தை நுழைவாயிலில் கருணாநிதி சிலை வைக்கத் தமிழக அரசு அனுமதி கேட்டபோது, முன்னாள் தலைவர்களைப் போற்ற மக்கள் பணத்தை ஏன் செலவிடுகிறீர்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றமே அனுமதி மறுத்தது. ஒன்று திட்டத்தின் பெயர், மற்றொன்று பொதுப் பணத்தில் சிலை. இரண்டும் வேறு வேறு வழக்குகள்தான். ஆனாலும் கட்டடத்துக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் நீதிமன்றம் வந்து வரம்பு போடும் என்று காத்திருக்க முடியாது என்பது இதில் தெரிகிறது. வரம்பை அரசும் ஊரும்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்றவர் விஷயத்தில் என்ன தனி?

பதவியில் இருப்பவருக்குப் பெயர் வைத்தால் அது முகஸ்துதி என்று எல்லோருக்கும் தெரியும். 2012இல் உத்தரப் பிரதேசத் தேர்தலின்போது அன்றைய முதல்வர் மாயாவதியின் சிலைகளையும் அவர் கட்சிச் சின்னமான யானைச் சிலைகளையும் துணி போட்டு மூடும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. மறைந்தவருக்கு வைத்தால் அஞ்சலி. ஓய்வு பெற்றவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார், அங்கேதான் பார்வை மங்குகிறது.

அவர் இனி தேர்தலில் நிற்க மாட்டார், அதனால் என்ன தப்பு என்று கேட்பார்கள். நிற்க மாட்டார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசியலில் ஓய்வு என்பது அவர் வாய்ச்சொல் மட்டும்தான். அப்படியே அவர் நிற்காவிட்டாலும் மகன் நிற்பார், மருமகள் நிற்பார், தம்பி நிற்பார், பெரும்பாலும் அதே தொகுதியில். அந்தக் குடும்பப் பெயர் ஆஸ்பத்திரி முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும்போது, வாக்குச் சாவடிக்குப் போகிற வழியில் அதைப் பார்த்துக்கொண்டே போவோம். எதிர்த்து நிற்பவருக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பதவி போன பிறகு எம்.எல்.ஏ.க்களை ஊர் மறக்கும் வேகம் மனதை வருத்துவது. ஒருமுறை மட்டும் ஜெயித்து, சுத்தமாக இருந்து, வாடகை வீட்டில் வயதாகிப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு யாரும் கட்டடம் கேட்பதில்லை. பின்னால் ஆள் பலம் உள்ளவருக்குத்தான் கோரிக்கை மனு எழுதப்படுகிறது. அந்த அநியாயத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். யாருக்கு வைக்கிறோம் என்பதில் ஓர் அளவுகோல் இல்லாதவரை, தகுதியை விடச் செல்வாக்குக்கே பலகை போகும்.

விதிவிலக்கே கூடாதா என்று கேட்டால், அப்படியும் நான் சொல்ல மாட்டேன். மைசூர் திவானாக இருந்த பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவுக்கு நூறு வயது நிறைந்தபோது, 1960இல், அவர் உயிரோடு இருக்கும்போதே அஞ்சல் தலை வெளியிட்டார்கள். பெங்களூரில் அவரை அறிந்தவர்கள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பதவியை விட்டு அப்போது நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நாற்பது ஆண்டுதான் முக்கியம்.

நமக்கு இதில் என்ன?

பெங்களூர்த் தமிழர்களுக்கு ஊரின் பெயர்கள் மேல் தனிப் பாசம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. கமர்ஷியல் தெருவைச் சுற்றி வீரப்பிள்ளை தெரு, நாராயண பிள்ளை தெரு என்று நடக்கும்போது, இந்த ஊரை உருவாக்கியதில் நம் முன்னோர் கையும் இருந்தது என்று சுவரே சொல்கிறது. கேவல்ரி ரோடு காமராஜ் ரோடு ஆனது. அது நிலைத்துவிட்டது, கன்னடக்காரர், உருதுக்காரர், தமிழர் எல்லோரும் காமராஜ் ரோடு என்றே சொல்கிறார்கள். 1969 ஜூலையில் காங்கிரஸ் உடைவதற்கு முன் லால்பாக் கண்ணாடி மாளிகையில் நடந்த கூட்டத்துக்கு வந்தவர் காமராஜர், இந்த ஊருக்கு அந்நியர் இல்லை. இந்திராநகர் அரசு மருத்துவமனைக்கு சர் சி.வி. ராமன் பெயர். அதிலும் யாருக்கும் மனக்குறை இல்லை.

திருவள்ளுவர் சிலைதான் நாம் பட்ட பாடு. 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவி, திறக்க முடியாமல் 18 ஆண்டு மூடியே கிடந்தது. காவிரிப் பிரச்சினையில் ஊர் கொதித்த காலம் அது. கடைசியில் 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி வந்து திறந்து வைத்தார், பக்கத்தில் எடியூரப்பா. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது, அங்கேயும் இருவரும் இருந்தார்கள். இரண்டு அரசுகளும் பேசி, இரண்டு மொழியினரும் ஒப்புக்கொண்டு நடந்த காரியம். இன்றைக்கு வள்ளுவர் சிலைக்கு முன்னால் கூட்டம் போட்டால் கன்னட நண்பர்களும் வருகிறார்கள். ஓர் அரசாணையை வைத்து அவசரமாக 1991லேயே திரையை விலக்கியிருந்தால் அந்தச் சிலை என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால்தான், தமிழ் பேசும் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் பெயரை வைக்கலாம் என்று நம்மவர்கள் கேட்கும்போதும் எனக்கு இதே கவலைதான். நம் ஆளின் பெயர் என்று நாம் சந்தோஷப்படுவோம். அது ஒப்புதலில் வராமல் சலுகையில் வந்த பெயராக இருந்தால், அடுத்த ஆட்சி எடுக்கும்போது நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எடுத்த பிறகு படும் அவமானம், வைக்காமலே இருந்ததை விடப் பெரிது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், காத்திருப்பது. டெல்லியில் அவுரங்கசீப் சாலைக்கு அப்துல் கலாம் பெயரை வைக்க முடிவெடுத்தது அவர் மறைந்து ஒரு மாதத்தில். பெங்களூர் நகரப் பல்கலைக்கழகத்துக்கு மன்மோகன் சிங் பெயரை அறிவித்தது அவர் மறைந்து மூன்று மாதத்துக்குள். இருவருமே மதிப்புக்குரியவர்கள், பெயரில் குறை இல்லை, அவசரத்தில்தான் குறை. துக்கத்தில் எடுக்கும் முடிவை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. பேச முடியாத நேரத்தில் பொது முடிவு எடுக்கக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கு வேண்டாம், மறைந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு போகட்டும் என்று ஒரு விதி வைத்தால், பாதிக் கோரிக்கைகள் தானாகவே உதிர்ந்துவிடும். ஐந்து ஆண்டு கழித்தும் கேட்க ஆள் இருந்தால் அந்தப் பெயரில் ஏதோ இருக்கிறது.

வாழும்போதே கௌரவிக்க வேண்டும் என்ற ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. 1967, 1977, 1980 தேர்தல்களில் மதுரையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன என். சங்கரய்யாவுக்கு, அவருடைய நூறாவது வயதில், 2021இல் தமிழக அரசு முதல் தகைசால் தமிழர் விருதைக் கொடுத்தது. அதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அவர் முதல்வரின் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். அந்த ஒரு செய்தி எத்தனை வீடுகளில் பேசப்பட்டது! எந்தக் கட்டடமும் தேவைப்படவில்லை.

கட்டடத்திலேயே ஏதாவது இருக்க வேண்டும் என்றால், பெயரை முகப்பில் வைக்காமல் உள்ளே ஒரு கல் வைக்கலாம். இந்த மருத்துவமனை எந்த ஆண்டு கேட்கப்பட்டது, சட்டமன்றத்தில் யார் கேள்வி எழுப்பினார், எந்த ஆண்டு பட்ஜெட்டில் வந்தது, எவ்வளவு செலவு, எந்தப் பொறியாளர் கட்டினார், இடம் விட்டவர்கள் யார். தோம்லூர்க் கல்வெட்டு எழுதியவர்கள் செய்தது இதைத்தான். கன்னடத்திலும், அந்தப் பகுதியில் பேசும் மற்ற மொழிகளிலும் அதை எழுதலாம். அந்த எம்.எல்.ஏ.வின் உழைப்பு அதில் அப்படியே இருக்கும், கட்டடமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்.

பழைய மாநகராட்சிக்குப் பதிலாக 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட வார்டுகள். இவற்றுக்கெல்லாம் அலுவலகங்கள் வேண்டும், அவற்றில் பல புதிதாகக் கட்டப்படும், ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு மனுக்கள் போகும். பெயர் மாற்றம் பற்றிய பொது அறிவிப்பு பெரும்பாலும் கன்னடப் பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்னதாக வருகிறது, அதனால் நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. குடியிருப்போர் சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஆட்சேபணை என்றாலும் ஆதரவு என்றாலும் எழுத்தில், கன்னடத்தில், 30 நாளுக்குள் ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கட்டடங்களுக்கும் இதே அறிவிப்பு முறை வேண்டும் என்று அந்த மனுவிலேயே ஒரு வரி சேர்த்து எழுதலாம்.